ஏப்ரலில் ஹம்ப்டா பாஸ்: பனிச்சரிவு பயம் நிஜமா, சும்மாவா?

வேளச்சேரி வாசு | செவ்வாய் இரவு 10:40

வணக்கம் மக்களே. ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர், எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், தொப்பை கொஞ்சம் உண்டு, ஆனால் நடப்போம். பர்வதமலை மூன்று முறை, வெள்ளியங்கிரி இரண்டு முறை, போன டிசம்பரில் கேதார்காந்தா. அங்கே 12,500 அடியில் பனியைக் கண்ணால் பார்த்ததிலிருந்து எவனுக்கும் கால் தரையில் பாவவில்லை.

இப்போது ஏப்ரல் கடைசி வாரம் லீவு சேர்ந்து வருகிறது. ஹம்ப்டா பாஸ், அதாவது ஹிமாசலில் மணாலி பக்கம் இருக்கும் மலைக் கணவாய், போகலாம் என்று யோசனை. ட்ரெக்கிங் கம்பெனிகள் ஜூனில்தான் ஆரம்பிக்கிறார்கள், அப்போது போனால் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும் என்று கேள்வி. மணாலியில் நண்பரின் நண்பர் மூலமாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். "பத்து வருஷமாகப் போகிறேன், ஒன்றும் ஆனதில்லை, வாங்க" என்கிறார். தலைக்கு ஒன்பதாயிரம், சாப்பாடு கூடாரம் எல்லாம் சேர்த்து.

பிரச்சினை என்னவென்றால் என் மனைவி பனிச்சரிவு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு மலை என்றாலே 2018 குரங்கணிதான் ஞாபகம். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் ஸ்கீயிங் எல்லாம் பண்ணப் போவதில்லை, நடக்கத்தான் போகிறோம். கூட வரும் ஒருவன் "சத்தம் போடாமல் போனால் சரியாதுடா" என்கிறான். நிஜமாக அவ்வளவு ஆபத்தா? போனவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பிரபு | செவ்வாய் இரவு 11:05

ப்ரோ போய்ட்டு வாங்க. ஓவரா யோசிச்சா மெரினாவில்கூட கால் நனைக்க முடியாது. நான் மணாலி பக்கம் நாலு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட ஒன்றும் பார்த்ததில்லை. லோக்கல் ஆள் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை, அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது.

மயிலை மீனா | புதன் காலை 6:50

வாசு, முதலில் அந்தச் சத்தம் விஷயத்தை முடித்துவிடலாம். கத்தினால் பனி சரியும் என்பது சினிமாவில் மட்டும்தான். வெடி வைத்தால் சரியும், அது வேறு கதை. மனிதத் தொண்டைக்கு அந்த வலு கிடையாது. பனியைச் சரிய வைப்பது எடை. உங்கள் எடை, உங்கள் பையின் எடை, பின்னால் வருபவரின் எடை. உலகம் முழுக்க இந்த விபத்துகளைப் பார்த்தவர்கள் சொல்வது, பத்தில் ஒன்பதில் சரிவைத் தொடக்கிவிட்டது மாட்டிக்கொண்டவரே, அல்லது கூட வந்தவர். அதாவது அமைதியாக நடந்து போனவர்கள்.

நான் உத்தரகாசியில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தவள், அவ்வளவுதான், நிபுணர் இல்லை. ஆனால் அங்கே மண்டையில் ஏற்றி அனுப்பிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மலையில் பனி ஒரே மாவாகக் கிடப்பதில்லை, அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு, காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது ஒரு அடுக்கு, நடுவில் வெயில் காய்ந்த நாட்கள் ஒரு அடுக்கு. சமையல் மேடையில் சர்க்கரையைக் கொட்டிப் பரப்பி, அதன் மேல் கடப்பாக்கல் ஒன்றை வைத்து, மேடையைச் சாய்த்தால் என்ன ஆகும்? கல் கொஞ்ச நேரம் நிற்கும். நீங்கள் ஒரு விரலால் தொட்டால் போய்விடும். அந்தக் கல்தான் பனிப்பாளம். சர்க்கரைதான் அடியில் ஒளிந்திருக்கும் வலுவில்லாத அடுக்கு. மேலே நின்று பார்த்தால் கல் மட்டும்தான் தெரியும், சர்க்கரை தெரியாது.

பாளம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு. ஐம்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம். இது சின்னது, வீடியோவில் வருவது இதைவிடப் பல மடங்கு. காற்று இறுக்கிய பனி ஒரு கன மீட்டர் 250 கிலோ என்று வைத்தாலும் 125 டன் வருகிறது. உங்கள் ஏரியாவில் வெயில் காலத்தில் வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அது பத்து சேர்ந்து சரிவில் இறங்கினால் எப்படியோ அப்படி.

கேதார்காந்தா வழக்கமான பாதையில் பெரும்பகுதி காட்டுக்குள்ளும் முகட்டு மேலும் போகிறது. ஹம்ப்டா அப்படியில்லை. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, நடுவில் பள்ளத்தாக்கு, கடைசியில் செங்குத்து ஏற்றம். ஜூலையில் புல்லும் கல்லுமாக இருக்கும் அதே இடம் ஏப்ரலில் வேறு இடம்.

வேளச்சேரி வாசு | புதன் மதியம் 1:15

அக்கா, தண்ணி லாரி உதாரணம் சாப்பிட விடவில்லை. சரி, எவ்வளவு சாய்வு இருந்தால் சரியும்? எல்லா மலையும் சரிவாகத்தானே இருக்கிறது.

மயிலை மீனா | புதன் மதியம் 1:40

பாளம் சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை. அதிலும் 38ஐ ஒட்டித்தான் மிக அதிகம். முப்பதுக்குக் கீழே பொதுவாக நகராது, அறுபதுக்கு மேலே பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். முப்பது டிகிரி என்றால் பெரிய செங்குத்து என்று நினைக்காதீர்கள், உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டு கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். போனிலேயே மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது, கைத்தடியைச் சரிவில் படுக்க வைத்து அதன் மேல் போனை வைத்தால் டிகிரி காட்டும்.

ஆனால் ஒரு சிக்கல். நீங்கள் நிற்கும் இடம் பத்து டிகிரியாக இருக்கலாம், உங்கள் தலைக்கு மேலே 400 மீட்டர் உயரத்தில் 38 டிகிரி இருக்கலாம். வருவது உங்களிடம்தான் வரும். பள்ளத்தாக்கின் அடியில் நடப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆவடி ஹவில்தார் ஓய்வு | புதன் இரவு 8:20

தம்பி வாசு, நான் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், அதில் இரண்டு குளிர்காலம் காஷ்மீரில் உயரமான போஸ்டில். பேர் ஊர் எல்லாம் வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், முடிவு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாலாவை, அதாவது மலை ஓடைப் பள்ளத்தை, கடக்க வேண்டும். அகலம் என்ன, நம் பஸ் ஸ்டாண்டு அளவு கூட இருக்காது. ஒவ்வொருவராகத்தான் போவோம், ஒருவர் அந்தப் பக்கம் ஏறி நின்ற பிறகுதான் அடுத்தவர் இறங்குவார். எல்லாரும் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவோம், பனி மூடினாலும் கயிற்றின் ஒரு பகுதியாவது மேலே கிடக்கும் என்று. நாலாவது ஆள் நடுவில் இருக்கும்போது மேலேயிருந்து வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எண்ணி ஏழெட்டு வினாடி. பார்த்தால் ஆள் இல்லை, கயிறு ஒரு முழம் வெளியே கிடக்கிறது.

ஓடிப் போய்க் கையால் தோண்டினோம். இங்கேதான் தம்பி, டிவியில் பார்ப்பவர்களுக்குப் புரியாதது. பனி விழும்போது பஞ்சு. ஓடி வந்து நின்றவுடன் சிமென்ட். விரல் இறங்காது. ஒருத்தன் மெஸ் டின்னால் குத்தினான், அது வளைந்துவிட்டது. இரண்டு ஷவல் இருந்ததால் பிழைத்தான். முகம் தெரிய பதினைந்து நிமிஷத்துக்குப் பக்கம் ஆனது, நீலமாக இருந்தது, வாய்க்குள் பனி அடைத்திருந்தது. அவன் அப்புறம் சொன்னான், விரலைக்கூட அசைக்க முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை, நாங்கள் மேலே பேசுவது மட்டும் கேட்டதாம், அவன் கத்தியது எங்களுக்குக் கேட்கவேயில்லை. பனிக்குள் எச்சில் துப்பினால் எந்தப் பக்கம் மேல் என்று தெரியும் என்பார்கள். தெரிந்து என்ன செய்ய, கையை அசைக்க முடிந்தால்தானே.

2016 பிப்ரவரி 3 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சியாச்சினில் சோனம் போஸ்ட், 19,600 அடி, 19வது மெட்ராஸ் பட்டாலியன், பத்துப் பேர். அதில் நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் ஒருவர் உயிரோடு கிடைத்தார், கர்நாடகத்துக்காரர், நாடே கும்பிட்டது, 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். அது பனிக்கட்டிச் சுவரே இடிந்து விழுந்தது, உங்கள் மலையோடு ஒப்பிடவில்லை. பயிற்சி, சாமான், ஹெலிகாப்டர், நாய் எல்லாம் இருந்த இடத்தின் கதை அது என்பதற்காகச் சொன்னேன்.

பெரம்பூர் பிரபு | புதன் இரவு 9:02

ஹவில்தார் சார், உங்கள் சேவைக்கு வணக்கம். ஆனால் இப்படிப் பயமுறுத்தினால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள். லட்சக்கணக்கான பேர் மணாலிக்குப் போய் வருகிறார்கள். பத்து வருஷம் போன ஆள் ஒன்றும் ஆகவில்லை என்கிறான், அந்த அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

கோடம்பாக்கம் கணக்கு வாத்தியார் | புதன் இரவு 10:30

பிரபு, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மலை தெரிய வேண்டியதில்லை, பிளஸ் டூ நிகழ்தகவு போதும். ஒரு பேச்சுக்கு, அந்தச் சீசனில் அந்தப் பாதையில் இருநூறு தடவை போனால் ஒரு தடவை சரிவில் மாட்டுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நான் கற்பனையாக எடுத்த எண், நிஜ எண் இல்லை. அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வீதம் பத்து வருஷத்தில் இருபது தடவை போனார். ஒன்றுமே நடக்காமல் இருக்க வாய்ப்பு 0.995ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.90. அதாவது அவ்வளவு ஆபத்தான பாதையிலும் நூற்றுக்குத் தொண்ணூறு கைடுகள் "எனக்கு ஒன்றும் ஆனதில்லை" என்றுதான் சொல்வார்கள், பொய் இல்லாமல், மனசாரச் சொல்வார்கள். மீதிப் பத்துப் பேரில் சிலரிடம் நாம் பேச முடியாது.

என் பையன் ஹெல்மெட் இல்லாமல் கோயம்பேடு வரை போய் வந்து இதே வாதத்தைத்தான் வைக்கிறான்.

வாசு, அவரிடம் ஒன்று கேளுங்கள். பத்து வருஷத்தில் ஏப்ரலில் எத்தனை தடவை?

மயிலை மீனா | வியாழன் காலை 7:15

வாத்தியார் சொன்னதற்கு என் பங்கு ஒன்று. எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஹிமாசலில் ஒரு பாஸ், மே முதல் வாரம், பேர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியோடு. இரவு இரண்டரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். குழுவில் ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு ஷூ லேஸ் உறைந்துவிட்டது, டீ தாமதம், கடைசியில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். பாஸுக்குக் கீழே கடைசிச் சரிவுக்கு வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கால் முழங்கால் வரை இறங்குகிறது. ஓரத்தில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு கீழே போகின்றன, நாங்கள் அதை வீடியோ எடுத்தோம், அழகாக இருந்தது.

அப்புறம் ஒரு சத்தம். "வும்ப்" என்று. கனமான மெத்தையைத் தூக்கித் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி, காலுக்கு அடியிலிருந்து. என் வயிறு ஒரு அங்குலம் இறங்கியது, லிஃப்ட் இறங்குவது மாதிரி. முன்னால் இரண்டடி தூரத்தில் பனியில் பென்சில் கோடு மாதிரி ஒரு விரிசல் ஓடியது. கைடு திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, வேகமாக நடக்கச் சொன்னார். ஏறிவிட்டோம். மேலே போட்டோ எடுத்தோம். இறங்கி மேகி சாப்பிட்டுச் சிரித்தோம். எல்லாரும் அந்தக் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள், நானும் போட்டேன்.

அடுத்த வருஷம் உத்தரகாசியில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்தச் சத்தம் அடியில் இருக்கும் அடுக்கு நொறுங்கும் சத்தம் என்று சொன்னார்கள். அந்தச் சரிவு இன்னும் நாலைந்து டிகிரி கூட இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை. விரிசல் ஓடுவது, வும்ப் என்ற சத்தம், பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்ப வேண்டும் என்பது முதல் பாடம். மூன்றில் இரண்டை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மேகி சாப்பிட்டேன். மலை அன்றைக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தது "தாமதமாகப் போனாலும் பரவாயில்லை" என்பதை. தப்பான பாடம், நூற்றுக்கு நூறு மார்க்கோடு.

துரைப்பாக்கம் டேட்டா | வியாழன் காலை 10:05

மீனா, ஏன் இரவு இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும்? குளிருக்கா? அடியில் அந்தச் சர்க்கரை எப்படி வருகிறது?

மயிலை மீனா | வியாழன் இரவு 9:30

சர்க்கரை கதை. இட்லிக் குண்டானை யோசியுங்கள். அடியில் சூடு, மூடி குளிர்ச்சி, ஆவி மேலே போய் மூடியில் முத்து முத்தாக நிற்கும். மலையில் தரை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும், பனியின் மேல்பரப்பு மைனஸ் இருபது வரைகூடப் போகும். பனி மெல்லிசாக இருந்தால் அந்தக் கொஞ்ச உயரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். ஒரு மீட்டருக்குப் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆவி வேகமாக மேலே கிளம்பி, அடியில் இருக்கும் பனித் துகள்களை ஒட்டாத பெரிய படிகமாக மாற்றிவிடும். கையில் எடுத்தால் கல்கண்டுத் தூள் மாதிரி உதிரும், உருண்டை பிடிக்க வராது. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாக விழுந்து, நீண்ட நாள் வானம் தெளிவாக இருந்து, அப்புறம் மேற்கிலிருந்து வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்கிற மழை, பனி மேகக் கூட்டம் ஒன்று வந்து ஒரே நாளில் இரண்டு அடி கொட்டினால், அதுதான் சர்க்கரை மேல் கடப்பாக்கல். கொட்டி முடித்த முதல் ஒன்றிரண்டு நாள் மிக மோசம்.

வாசு போகப்போவது ஏப்ரல் கடைசி, அப்போது இன்னொரு வில்லன், ஈரம். பகலில் உருகும், இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை விட்டுவிட்டுக் கல் மாதிரி உறையும். அதிகாலையில் அதன் மேல் நடந்தால் ஷூ தடம்கூடப் பதியாது. வெயில் ஏற ஏற மேல் பக்கம் குழையும், தண்ணீர் உள்ளே இறங்கும், அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய் விட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நடுராத்திரியில் கிளம்பி, வெயில் உறைக்கும் முன் சரிவை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது. கிழக்கைப் பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும், அது முதலில் கெடும். கணுக்காலுக்கு மேல் கால் இறங்க ஆரம்பித்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், இரவு மேகம் மூடியிருந்தால் உறையவே உறையாது. மேகம் போர்வை. அப்போது இரண்டரைக்குக் கிளம்பினாலும் பிரயோஜனம் இல்லை. காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து ஷூவால் ஒரு உதை விட்டுப் பார்க்க வேண்டும். "டொக்" என்றால் போகலாமா என்று யோசிக்கலாம். "சதக்" என்றால் திரும்பிப் படுத்துவிடலாம்.

துரைப்பாக்கம் டேட்டா | வியாழன் இரவு 10:10

நம் ஊரில் மழைக்கு ரெட் அலர்ட் வருவது மாதிரி இதற்கு எதுவும் கிடையாதா?

ஆவடி ஹவில்தார் ஓய்வு | வெள்ளி காலை 5:30

உண்டு தம்பி. மணாலியில் சாசே என்று ஒரு நிறுவனம் 1969 முதல் இருந்தது, பனியையும் சரிவையும் ஆராய்வதற்கென்றே. 2020ல் அதை வேறொன்றோடு சேர்த்து டிஜிஆர்இ என்று ஆக்கினார்கள், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இருக்கிறது. குளிர்காலத்தில் லாஹௌல், குல்லு, சமோலி என்று மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுவார்கள், பேப்பரில் வரும். ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை அளப்பார்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதீர்கள், ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது மூன்று போட்ட நாளில்தான். ஐந்து போட்டால் யாரும் வெளியே போவதில்லை, மூன்றுக்குப் போவார்கள்.

ஆனால் அந்த எச்சரிக்கை மாவட்டத்துக்கு. நீங்கள் நிற்கும் நாலாவுக்கு இல்லை. வானிலை மையம் "சென்னையில் கனமழை" என்று சொன்னால் அம்பத்தூரில் கொட்டும், திருவான்மியூரில் வெயில் அடிக்கும் இல்லையா.

புல்லட் பாண்டி | வெள்ளி காலை 9:45

மலை ஏறத் தெரியாது, ஆனால் ஸ்பிதி பக்கம் மூன்று தடவை வண்டியில் போயிருக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி. ஹம்ப்டா தாண்டி இறங்குவது சத்ரு என்கிற இடத்தில். கிராம்பூ, சத்ரு, பாத்தல் ரோடு பனியை வெட்டித் திறப்பதே பெரும்பாலும் மேயிலோ ஜூனிலோதான். ஏப்ரலில் சத்ருவில் இறங்கி நின்றுகொண்டு யாருக்கு போன் பண்ணுவீர்கள்? டவரும் இல்லை, வண்டியும் இல்லை. அந்த ஒன்பதாயிரத்தில் திரும்பி வருவது சேர்த்தியா?

அட்டல் டனல் வந்த பிறகு எல்லாருக்கும் லாஹௌல் ஏதோ பக்கத்துத் தெரு ஆகிவிட்டது. 9.02 கிலோமீட்டரில் அந்தப் பக்கம் போய்விடலாம், ஆனால் டனல் வேண்டும் என்று முடிவு பண்ணியதே மேலே ரோத்தாங்கில் வருஷா வருஷம் பனி மூடுவதால்தானே.

சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கருவி கொண்டுபோகலாம் என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள், ஜாக்கிரதை.

பெரம்பூர் பிரபு | வெள்ளி காலை 10:20

ரோடு பாயிண்ட் நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலை ஏறுபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து, சாதா டூரிஸ்ட்டுக்கு இல்லை, சரிதானே?

துரைப்பாக்கம் டேட்டா | வெள்ளி காலை 11:00

இல்லை பிரபு. 2023 ஏப்ரல் 4, சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகிற ரோடு. கார் ஏறிப் பனி பார்க்கப் போனவர்கள்தான், ஏழு பேர் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28, உத்தரகண்டில் மானா கிராமத்துக்குப் பக்கத்தில் ரோடு வேலைத் தொழிலாளர்கள் முகாம். 54 பேர் மாட்டி, 46 பேரைக் காப்பாற்றினார்கள், எட்டுப் பேர் போய்விட்டார்கள். அவர்கள் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, தங்கியிருந்த இடத்துக்கே வந்தது. இன்னொரு பக்கம், 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டில் திரௌபதி கா டாண்டா சிகரத்தில் இறந்துபோன 29 பேர் மலையேறப் பயிற்சியில் இருந்தவர்களும் சொல்லிக் கொடுத்தவர்களும்.

வேளச்சேரி வாசு | வெள்ளி இரவு 9:50

எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் அந்தக் கைடுக்கு போன் போட்டேன். என் இந்தியும் அவர் இந்தியும் ஒருவழியாகச் சந்தித்துக்கொண்டன.

வாத்தியார் கேள்வியைக் கேட்டேன். மனிதர் நேர்மையானவர். பத்து வருஷமாகப் போவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஏப்ரலில் இரண்டே தடவை போயிருக்கிறார், அதில் ஒரு தடவை பாஸுக்குக் கீழே இருக்கும் பாலு கா கேரா முகாமிலிருந்தே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன், "பனி சரியில்லை" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், "கால் சொன்னது" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவி இருக்கிறதா என்றேன், அதெல்லாம் குல்மர்க்கில் ஸ்கீ அடிக்கும் வெள்ளைக்காரர்களுக்கு என்றார். ஷவல் எத்தனை, ஒன்று, கூடாரத்துக்குச் சமதளம் பண்ண. இரவு கிளம்புவோமா என்றதற்கு, சென்னைக்காரர்கள் எழுந்து கிளம்ப எட்டு மணி ஆகும் சார் என்றார். அதிலும் தப்பு சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, எங்கள் பிளாட் படிக்கட்டை போனில் அளந்தேன். 33 டிகிரி. இரண்டாவது மாடியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே நின்றேன், பக்கத்து வீட்டு மாமி என்னப்பா தொலைத்தாய் என்று கேட்டார்.

பாஸைக் கடக்காமல், வழியில் கீழே இருக்கும் சிக்கா முகாம் வரை மட்டும் போய்த் திரும்பினால் என்ன?

மயிலை மீனா | சனி காலை 7:00

அது முன்னதைவிட நல்லது, ஆனால் பள்ளத்தாக்கு அடியும் மேலே இருக்கும் சரிவுக்குச் சொந்தம்தான். போனால் மரங்களைப் பாருங்கள். ஒரு பட்டையான இடத்தில் மட்டும் பெரிய மரமே இல்லாமல், இளம் பிர்ச் மரங்கள் கீழ்ப்பக்கமாக வளைந்து, மற்ற மரங்களில் மலைப் பக்கத்துக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால் அது பனிச்சரிவு வழக்கமாக வரும் வழி. அங்கே கூடாரம் போடுவது ரயில்வே டிராக்கில் பாய் விரிப்பது மாதிரி. சமதளமாக, பக்கத்தில் தண்ணீரோடு, கூடாரம் போட அழகான இடமாகவும் அதுதான் இருந்து தொலைக்கும்.

பனிதான் வேண்டும் என்றில்லை என்றால் தீர்த்தன் பள்ளத்தாக்குப் பக்கம் போங்கள், பெரிய ஹிமாலயத் தேசியப் பூங்காவில் ரோல்லா வரை காட்டுக்குள் நடை. ஏப்ரல் கடைசியில் அருமையாக இருக்கும். ஹம்ப்டாவை ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டமாக இருந்தால் இருக்கட்டும்.

பனியிலேயே நடக்கப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஒரு பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்க ஒரு ப்ரோப் கம்பு, ஒரு ஷவல், மூன்றும் வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், எல்லாக் கம்பெனி பீக்கனும் ஒன்றோடொன்று பேசும். ஒன்று ஒரு நடுத்தர போன் விலை. புதைந்தவரைப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பது பழைய கணக்கு, புதிய ஆய்வுகள் அந்த நேரத்தைப் பத்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டன. அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றும் கணக்கு இதில் எங்கேயும் இல்லை, கூட வந்த ஆள்தான்.

என்னிடம் இரண்டு பீக்கன் இருக்கின்றன. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு பெசன்ட் நகர் பீச்சுக்கு வந்தால் பழகிப் பார்க்கலாம். மணலில் புதைப்போம்.

வேளச்சேரி வாசு | ஞாயிறு காலை 9:30

போய் வந்தோம். நான், கூட வரும் இரண்டு பேர், மீனா அக்கா, யாரும் எதிர்பார்க்காத விதமாகப் பெரம்பூரிலிருந்து பிரபு.

அக்கா ஒரு பழைய டிபன் பாக்ஸில் பீக்கனை வைத்து, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மணலில் முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்தார். முதல் முறை எனக்கு பதினொரு நிமிஷம். அம்புக்குறி நேராகக் காட்டாமல் வளைத்து வளைத்துக் கூட்டிப் போகிறது, சிக்னல் அப்படித்தான் வளைந்து வருமாம். பக்கத்தில் வந்ததும் அம்பை மறந்துவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்து குறுக்கும் நெடுக்குமாகத் தேட வேண்டும். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு "செயினா தம்பி?" என்றார். இல்லை சார், டிபன் பாக்ஸ் என்றேன். போய்விட்டார்.

பிரபுவுக்கு எண்கள் தாறுமாறாக ஆடின. பீக்கன் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டார். அப்புறம் பார்த்தால் இன்னொரு கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. தேடும்போது போனை அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டுமாம்.

தோண்டுவதுதான் ரொம்பக் கஷ்டம். ப்ரோப் கம்பு குத்திய இடத்துக்கு நேர் மேலே நின்று தோண்டக் கூடாது, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே போகிற மாதிரித் தோண்ட வேண்டும். மணல்தானே என்று ஆரம்பித்தோம், கீழே ஈர மணல் வந்ததும் மூச்சு வாங்கியது. மூன்று பேர் மாறி மாறித் தோண்டி ஆறு நிமிஷம். அதுவும் கடல் மட்டத்தில்.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன், ஏப்ரலில் தீர்த்தன். கைடுக்கும் சொல்லிவிட்டேன், ஜூலையில் அவரோடுதான் ஹம்ப்டா. கோபப்படவில்லை, அப்படியானால் தக்காளி சாதம் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்றார்.

பெரம்பூர் பிரபு | ஞாயிறு காலை 10:15

போன் விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். இரண்டாவது ரவுண்டில் நாலரை நிமிஷத்தில் எடுத்தேன், அதையும் எழுதுங்கள்.

கோடம்பாக்கம் கணக்கு வாத்தியார் | ஞாயிறு காலை 10:40

எத்தனை ரவுண்டில் ஒரு ரவுண்டு நாலரை?

ஆவடி ஹவில்தார் ஓய்வு | ஞாயிறு மதியம் 12:10

அடுத்த ஞாயிறும் உண்டா? நானும் வருகிறேன். கையால் தோண்டுவது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் ஒரு தடவை பார்க்கட்டும். மண்வெட்டி யாரிடம் இருக்கிறது?

வேளச்சேரி வாசு | ஞாயிறு மதியம் 12:25

என்னிடம் ஒன்று இருக்கிறது சார், மொட்டை மாடியில். கைப்பிடி ஆடுகிறது, சரி பண்ணிக்கொண்டு வருகிறேன்.